சின்ன சர்வீஸ் கடைக்கு நெட்வொர்க் இமேஜிங்: ஒரு பழைய டெஸ்க்டாப், ஃபாக், குளோன்சில்லா

எங்கள் கடை திருப்பூரில். வருகிற வேலையில் பெரும்பகுதி விண்டோஸ் மறுபடி போடுவது, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி மாற்றுவது, இந்த இரண்டும்தான். மிச்சம், பனியன் கம்பெனி ஆபீஸ்களில் பஞ்சு அடைத்து, சூடேறி, ஒருநாள் ஆன் ஆகாமல் நின்றுபோய் வரும் சிபியுக்கள். எந்த வேலையாக இருந்தாலும் கை வைப்பதற்கு முன் டிஸ்க்கை முழுசாக ஓர் இமேஜ், அதாவது உள்ளே இருப்பது எல்லாம் அப்படியே ஒரு நகல், எடுத்து வைத்துவிடுவோம். அதற்கு இத்தனை நாளும் வென்டாய் (பூட் செய்யும் பல டூல்களை ஒரே பென்டிரைவில் வைக்க உதவுவது) போட்ட ஒரு பென்டிரைவும் இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கும் போதுமாக இருந்தன. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் முடிந்தது. அதன் பிறகு கம்பெனிக்காரர்கள் ஒட்டுக்கா மெஷின் மாற்ற ஆரம்பித்தார்கள். இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருப்பது விண்டோஸ் 11-க்கு ஆகாது என்பதால், ரீஃபர்பிஷ்டு டெஸ்க்டாப்பை ஒரே மாடலில் பத்து, பதினைந்து என்று வாங்கி வந்து கடை வாசலில் இறக்கிவிட்டு, "ஏனுங் தம்பி, பொழுதோட ரெடியாயிருமுங்களா?" என்று கேட்டால், பென்டிரைவை வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்வது?

அப்போதுதான் நெட்வொர்க் வழி இமேஜிங் என்று இறங்கினேன். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மெஷின் ஆன் ஆகும்போது டிஸ்க்கைத் தேடாமல் லேன் கார்டு வழியாக "எனக்கு ஐபி கொடு, எதை பூட் பண்ணட்டும்" என்று கேட்கும், டிஹெச்சிபி சர்வர் (நெட்வொர்க்கில் ஐபி கொடுப்பது) ஐபியோடு சேர்த்து பூட் ஃபைல் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லும், டிஎஃப்டிபி என்கிற எளிய ஃபைல் அனுப்பும் முறை வழியாக அந்தச் சின்ன ஃபைல் இறங்கி ஒரு மெனு வரும், அதற்கு மேல் இமேஜ் எடுப்பதா, எடுத்ததை மெஷினில் இறக்குவதா என்பது நம் கையில். இதைத்தான் பிஎக்ஸ்இ பூட் என்கிறார்கள். லேன் போர்ட் இருக்கிற எந்த மெஷினின் பயாஸிலும் அநேகமாக இது இருக்கும்.

என்னென்ன வழி இருக்கிறது என்று பார்த்தேன். கூட வேலை பார்க்கும் அண்ணன் பழைய ஆள், அவருக்கு இன்றைக்கும் கோஸ்ட் என்கிற பழைய இமேஜிங் சாஃப்ட்வேர்தான். ஆனால் நார்ட்டன் கோஸ்ட்டை 2013-லேயே நிறுத்திவிட்டார்கள். நான் ரொம்ப நாள் பயன்படுத்திய மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்புக்கும் 2024 பிறந்ததோடு அப்டேட் நின்றது. காசு கொடுத்து டெக்னீஷியன் லைசென்ஸ் வாங்கலாம், வருஷா வருஷம் கட்ட வேண்டும், எங்கள் அளவுக்கு அது கட்டுபடி ஆகாது. மைக்ரோசாஃப்டின் சொந்த வழியான டபிள்யூடிஎஸ் (விண்டோஸ் டிப்ளாய்மென்ட் சர்வீசஸ்) வேண்டுமென்றால் விண்டோஸ் சர்வர் வேண்டும். அதை வாங்கினாலும் விண்டோஸ் 11 டிஸ்க்கோடு வரும் பூட் ஃபைலை வைத்து டபிள்யூடிஎஸ்ஸில் நேரடியாக இன்ஸ்டால் செய்வதை அவர்களே நிறுத்திவிட்டார்கள். அவர்களே கைவிடுகிற ஒன்றில் நான் போய்ப் புதிதாகக் காசு போடுவானேன். மிஞ்சியது இரண்டு, இரண்டும் இலவசம், இரண்டும் லினக்ஸ்: ஒரு சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாக இமேஜ் எடுத்து இறக்கும் ஃபாக், அப்புறம் தைவானின் என்சிஹெச்சி கம்ப்யூட்டிங் மையத்தில் உருவான குளோன்சில்லா.

எங்கே தேடினாலும் "ஃபாக் நல்லதா, குளோன்சில்லா நல்லதா" என்றுதான் சண்டை போடுகிறார்கள். பேசுகிறவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூட லேப் பார்ப்பவர்கள், மீதிப் பேர் கம்பெனி ஐடி ஆட்கள். அவர்கள் வேலை ஒரு இமேஜை நூறு மெஷினில் இறக்குவது. சர்வீஸ் கடையின் வேலை நேர் எதிர்: தினமும் வேறு வேறு மெஷின், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு இமேஜ் எடுத்து வைக்க வேண்டும், அதில் பத்தில் ஒன்றைக்கூடத் திரும்ப இறக்க வேண்டி வராது, ஆனால் அந்த ஒன்று வரும்போது அதில்தான் யாரோ ஒருவருடைய ஐந்து வருஷ டாலி கணக்கு இருக்கும். அதனால் எனக்கு எடுப்பதுதான் முக்கியம், இறக்குவது அப்புறம்தான். இந்த ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொண்டு பார்த்தால் எது எதற்கு என்பது தானாகவே பிரிந்துவிடுகிறது.

ஃபாக்கில் ஒரு மெஷினுக்கு இமேஜை இறக்க வேண்டுமென்றால் பூட் மெனுவிலேயே "டிப்ளாய் இமேஜ்" கொடுத்து, யூசர் பாஸ்வேர்டு அடித்து, இமேஜைத் தேர்ந்தெடுத்தால் போதும். இமேஜ் எடுக்க அப்படி முடியாது. முதலில் அந்த மெஷினை அதன் மேக் அட்ரஸோடு (லேன் கார்டின் அடையாள எண்) ஹோஸ்ட்டாகப் பதிய வேண்டும், பிரவுசரில் போய் அதற்கு ஒரு இமேஜ் பெயர் உருவாக்கி, இரண்டையும் இணைத்து, டாஸ்க் போட்டு, மெஷினை மறுபடி நெட்வொர்க்கில் பூட் செய்ய வேண்டும். ஒரு லேபுக்கு இது சரி, ஒரு தடவை பதிந்தால் வருஷக்கணக்கில் உதவும். காலையில் வந்து சாயங்காலம் போகிற கஸ்டமர் லேப்டாப்புக்கு யார் இத்தனை செய்வது? ஒரு மாசத்தில் ஹோஸ்ட் லிஸ்ட் முழுக்க யாருடையது என்று தெரியாத மெஷின்களாக நிரம்பிவிடும். குளோன்சில்லாவில் பதிவு என்ற பேச்சே இல்லை, பூட் ஆனதும் ஒரு பெயர் கொடு, டிஸ்க்கைக் காட்டு, எடுத்துவிடும். அதனால் கஸ்டமர் மெஷினிலிருந்து எடுப்பதற்குக் குளோன்சில்லா, ஒரே மாடல் மொத்தமாக வந்தால் இறக்குவதற்கு ஃபாக், இரண்டையும் ஒரே சர்வரில் ஃபாக்கின் மெனுவுக்குள் வைப்பது என்று முடிவு செய்தேன்.

சர்வருக்குப் புதிதாக எதுவும் வாங்கவில்லை. கஸ்டமர் எக்ஸ்சேஞ்சில் விட்டுப்போன நான்காம் தலைமுறை ஐ5 டெஸ்க்டாப், எட்டு ஜிபி ரேம். இமேஜிங்கில் சர்வருக்குப் பெரிய வேலை கிடையாது, சுருக்குவது விரிப்பது எல்லாம் கஸ்டமர் மெஷினின் பிராசஸரே பார்த்துக்கொள்ளும், சர்வர் வருவதை வாங்கி டிஸ்க்கில் எழுதுவதோடு சரி. காசு போட வேண்டிய இடம் டிஸ்க்தான். டெபியன் 12 லினக்ஸுக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி, இமேஜ்களுக்கு நான்கு டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு, ஒன்றில் எழுதுவது இன்னொன்றிலும் அப்படியே எழுதப்படும்படி ரெய்டு 1. டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆர் வகையா சிஎம்ஆர் வகையா என்று மாடல் நம்பரை வைத்துப் பார்த்து வாங்குங்கள். எஸ்எம்ஆரில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும், அதனால் தொடர்ந்து எழுதிக்கொண்டே போனால் முதல் கொஞ்ச நேரம் வேகமாகப் போய்விட்டு அப்புறம் படுத்துவிடும். நம் வேலையே மணிக்கணக்கில் தொடர்ந்து எழுதுவதுதான்.

அடுத்து வயர். இதைத்தான் எல்லோரும் அலட்சியமாக விடுகிறார்கள். கடையில் ஏற்கெனவே மேஜைக்கு மேஜை லேன் கேபிள் இழுத்திருந்தது, புதிதாக எட்டு போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று மாட்டிச் செருகியதும் சில போர்ட்டில் பச்சை விளக்கு, சில போர்ட்டில் ஆரஞ்சு. ஆரஞ்சு என்றால் அந்த ஸ்விட்ச்சில் 100 எம்பிபிஎஸ். ஆரஞ்சு வந்த கேபிளின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஆர்ஜே45 கனெக்டருக்குள் நான்கு வயர்தான் போயிருக்கிறது, ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும், நீலத்தையும் பிரவுனையும் ஜாக்கெட்டோடு நறுக்கிவிட்டிருந்தார்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு எட்டு வயரும் வேண்டும். இன்டர்நெட் பார்ப்பதற்கு இத்தனை நாள் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. இமேஜிங்கில் தெரியும்: 100 எம்பிபிஎஸ்ஸில் நொடிக்குப் பதினொன்றரை எம்பி கிடைத்தால் பெரிய விஷயம், 60 ஜிபி போக ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். கிகாபிட்டில் நொடிக்கு 110 எம்பி, அதே 60 ஜிபி பத்து நிமிஷத்துக்குள். கேட்6 கேபிள் வாங்கி எட்டு வயரும் வைத்து எல்லாவற்றையும் மறுபடி கிரிம்ப் செய்தோம், தம்பிகளுக்கு அன்றைக்கு விரல் நுனி எல்லாம் சிவந்துவிட்டது.

இதோடு 2.5 கிகாபிட் ஸ்விட்ச் வாங்கலாமா என்று ஒரு ஆசை வரும். வேண்டாம். கழற்றப் போகிற பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்க் 5400 ஆர்பிஎம், நல்ல நிலையில் இருந்தாலே நொடிக்கு 80, 100 எம்பி படிக்கும், உள் தடங்களுக்குப் போகப் போக இன்னும் குறையும். வயர் அதைவிட வேகமாக இருந்து என்ன செய்ய?

டிஹெச்சிபி விஷயத்துக்கு வருவோம். ஃபைபர் கனெக்‌ஷனோடு வருகிற ரூட்டரில் பூட் சர்வர் யார், ஃபைல் எது என்று சொல்லும் இடமே பெரும்பாலும் இருக்காது. அதைத் தொடாமல் பக்கத்திலேயே ப்ராக்ஸி டிஹெச்சிபி (ஐபி கொடுக்காமல் பூட் தகவலை மட்டும் சொல்வது) ஓட்டலாம், டிஎன்எஸ்மாஸ்க் என்கிற சாஃப்ட்வேர் அதைச் செய்யும், நிறையப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். நான் வேறு மாதிரி செய்தேன். சர்வரில் இரண்டாவது லேன் கார்டு ஒன்று மாட்டி, ஒன்று ரூட்டருக்கு, இன்னொன்று வேலை மேஜை ஸ்விட்ச்சுக்கு மட்டும் என்று பிரித்துவிட்டேன். மேஜைப் பக்கம் ஐபி கொடுப்பது ஃபாக்கே. கஸ்டமர் மெஷினில் என்ன வைரஸ் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, அது நம் பில் போடுகிற கம்ப்யூட்டர் இருக்கிற நெட்வொர்க்கிலேயே உட்கார வேண்டிய அவசியம் என்ன? ஒரே ஆபத்து, யாராவது மேஜை ஸ்விட்ச்சிலிருந்து ரூட்டருக்கு ஒரு கேபிளைச் செருகிவிட்டால் இரண்டு டிஹெச்சிபியும் ஒன்றோடொன்று மோதி, கடையில் இருக்கிற போன், பிரிண்டர் எல்லாம் தப்பான ஐபி வாங்கி நிற்கும். ஸ்விட்ச்சுக்குச் சிவப்பு டேப் ஒட்டிவிட்டோம், மேஜைப் பக்கக் கேபிள் எல்லாமே சிவப்பு, ரூட்டர் பக்கம் சாம்பல்.

ஃபாக் இன்ஸ்டால் செய்வது பயந்த அளவுக்கு இல்லை. அவர்களுடைய ஸ்கிரிப்டை இறக்கி ஓட்டினால் எந்த லேன் கார்டு, டிஹெச்சிபி நானே பார்க்கட்டுமா, இது முதன்மை சர்வரா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும், பதில் சொன்னால் வெப் சர்வர், டேட்டாபேஸ், என்எஃப்எஸ் (ஃபோல்டரை நெட்வொர்க்கில் பகிரும் முறை) எல்லாவற்றையும் அதுவே போட்டுக்கொள்ளும். லேன் கார்டு கேள்வியில் மட்டும் கவனம், மேஜைப் பக்கத்துக் கார்டைத்தான் சொல்ல வேண்டும். பழைய பயாஸ் மெஷினுக்கு ஒரு பூட் ஃபைல், புதிய யுஇஎஃப்ஐ மெஷினுக்கு வேறு ஃபைல். கேட்பது எந்த வகை என்று பார்த்துச் சரியானதைக் கொடுக்கும்படி டிஹெச்சிபி அமைப்பையும் அதுவே எழுதிவிடுகிறது. 2011-இல் ஆரம்பித்த அரசு இலவச லேப்டாப் திட்டத்தின் பழைய மெஷின்கள், பாஸ் என்கிற இந்திய லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்து இருப்பவை, இன்னும் எங்களுக்கு வருகின்றன. அதுவும் இந்த வருஷ மாடலும் ஒரே ஸ்விட்ச்சில் அடுத்தடுத்து பூட் ஆகின்றன.

இன்னொன்று, ஃபாக் தனக்கென்று லினக்ஸில் "ஃபாக்ப்ராஜெக்ட்" என்று ஒரு யூசரை உருவாக்கிக்கொள்ளும். அந்த அக்கவுண்டைத் தொடவே கூடாது, பாஸ்வேர்டு மாற்றக் கூடாது. இமேஜ் எடுக்கும்போது முதலில் டெவ் என்கிற தற்காலிக ஃபோல்டரில் எழுதிவிட்டு, கடைசியில் அந்த யூசரின் எஃப்டிபி வழியாகத்தான் சரியான இடத்துக்கு நகர்த்துகிறது. பாஸ்வேர்டு பொருந்தவில்லை என்றால் நூறு சதவீதம் முடிந்த பிறகு எர்ரர் வரும், இமேஜ் டெவ் ஃபோல்டரிலேயே கிடக்கும், காரணம் தெரியாமல் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

குளோன்சில்லாவை இதே மெனுவில் சேர்க்க அதன் லைவ் ஐஎஸ்ஓவிலிருந்து பூட் ஆகத் தேவையான கெர்னல், இனிட்ரெட், ஸ்குவாஷ் ஃபைல் மூன்றையும் எடுத்து சர்வரின் வெப் ஃபோல்டரில் வைத்தேன். மெனுவில் ஒரு வரி சேர்த்தால் முதல் இரண்டும் இறங்கி, மூன்றாவதை ஹெச்டிடிபி வழியாக ரேமுக்குள் இழுத்துக்கொள்ளும். பூட் ஆகும்போதே சர்வரின் இமேஜ் ஃபோல்டரை என்எஃப்எஸ் மூலமாக மவுண்ட் செய்யச் சொல்லி அந்த வரியிலேயே எழுதிவிடலாம், சுருக்குவதற்கு இசட்எஸ்டிடி முறை என்றும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். இப்போது தம்பிகள் செய்ய வேண்டியது மெனுவில் "எடு" என்பதைத் தேர்ந்தெடுத்து, ஜாப் கார்டு நம்பரை இமேஜின் பெயராக அடித்து, எந்த டிஸ்க் என்று காட்டுவது மட்டும். இறக்குவதற்கான மெனு தனி, அதற்குப் பாஸ்வேர்டு உண்டு, அது என்னிடமும் அண்ணனிடமும்தான். எடுப்பதில் தப்பு நடந்தால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம், தப்பான டிஸ்க்கில் இறக்கிவிட்டால் அவ்வளவுதான்.

சாஃப்ட்வேர் இவ்வளவுதான். இதைவிடப் பெரிய வேலை, மெஷினை லேனில் செருகுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை.

முதலாவது பிட்லாக்கர், விண்டோஸின் டிஸ்க் என்கிரிப்ஷன். ஃபாக்கின் பூட் ஃபைல் மைக்ரோசாஃப்ட் கையெழுத்து போட்டது இல்லை, அதனால் பயாஸில் செக்யூர் பூட்டை ஆஃப் செய்ய வேண்டும். விண்டோஸ் 11 24ஹெச்2-க்குப் பிறகு புதிதாக இன்ஸ்டால் ஆகும் மெஷின்களில், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்தாலே டிவைஸ் என்கிரிப்ஷன் தானாக ஆன் ஆவது சகஜமாகிவிட்டது. அந்த மெஷினில் செக்யூர் பூட்டைத் தொட்டால் அடுத்த பூட்டில் நீலத் திரை வந்து 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். பெருந்துறைப் பக்கத்துக் காலேஜ் பையன் ஒருவன் லேப்டாப் கொண்டு வந்தான், ஸ்கிரீன் ஹிஞ்ச் உடைந்திருந்தது, கூடவே ஸ்லோ என்று சொன்னான். "தம்பி, மைக்ரோசாஃப்ட் மெயில் ஐடி என்ன?" என்று கேட்டால், "தெரியலீங்ணா, வாங்குன கடையிலதான் போட்டுக் குடுத்தாங்க" என்கிறான். கடைக்காரர் அவசரத்துக்கு ஏதோ ஒரு மெயிலை உருவாக்கிப் போட்டிருக்கிறார், கீ அந்த மெயிலில் உட்கார்ந்திருக்கிறது. நல்லவேளை, விண்டோஸ் அப்போது உள்ளே திறந்துகொண்டிருந்ததால் கன்ட்ரோல் பேனலிலிருந்தே கீயைச் சேமித்து, பிரின்ட் எடுத்து ஜாப் கார்டோடு பின் செய்துவிட்டு, என்கிரிப்ஷனை நிறுத்திய பிறகுதான் பயாஸுக்குள் போனோம். அதிலிருந்து ஜாப் கார்டில் ஒரு கட்டம் அச்சடித்துவிட்டோம்: பிட்லாக்கர் உண்டா இல்லையா, கீ வாங்கியாச்சா. அதை நிரப்பாமல் மெஷின் மேஜைக்கு வரக் கூடாது. கீ பிரச்சினை இல்லாவிட்டாலும் என்கிரிப்ட் ஆன பார்ட்டிஷனை இமேஜ் எடுப்பது வீண் வேலைதான். எது காலி இடம், எது டேட்டா என்று குளோன்சில்லா உள்ளே பயன்படுத்தும் பார்ட்குளோனுக்குத் தெரியாததால் 512 ஜிபியையும் அப்படியே எடுக்கும், சுருக்கவும் வராது.

அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதி தூக்கத்தில்தான் இருக்கும், டிஸ்க்கின் என்டிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் மூடப்படாமல் கிடக்கும், இமேஜ் எடுக்கப் போனால் தகராறு செய்யும். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் முழுசாக அணையும்.

இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்கிற ஸ்டோரேஜ் மோடு ஆன் செய்து வரும் லேப்டாப்பில் லினக்ஸுக்கு எஸ்எஸ்டி கண்ணுக்கே தெரியாமல் போவதுண்டு. பயாஸில் சாதாரண ஏஹெச்சிஐ மோடுக்கு மாற்றினால் தெரியும், ஆனால் உள்ளே இருக்கிற விண்டோஸ் அடுத்த பூட்டில் நீலத் திரை காட்டி நின்றுவிடும். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் பூட் ஆகும்படி செட் செய்துவிட்டு, அப்புறம் பயாஸில் மாற்றி, ஒரு தடவை சேஃப் மோடில் ஏறிய பிறகு பழையபடி விட்டால் சமாளித்துக்கொள்ளும்.

டிஸ்க்கின் உடல்நிலையையும் முதலில் பார்த்துவிட வேண்டும். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே பதியும் ஸ்மார்ட் தகவலில் ரீஅலொகேட்டட், பென்டிங் செக்டர் (கெட்டுப்போன, சந்தேகமான இடங்கள்) எண்ணிக்கை ஏறியிருந்தால் அந்த டிஸ்க்குக்குக் குளோன்சில்லா வேண்டாம். அதே லைவ் சிஸ்டத்தில் ஷெல்லுக்குப் போய் டிடிரெஸ்க்யூ ஓட்டுவோம். நன்றாகப் படிக்க வருவதை முதலில் அள்ளிக்கொண்டு, படிக்க மறுக்கும் இடங்களைக் குறித்து வைத்து, கடைசியில் அங்கே திரும்பி வரும். அந்தக் குறிப்பு ஃபைலைக் கட்டாயம் சர்வரில் வையுங்கள், நடுவில் டிஸ்க் தொங்கிவிட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வைத்த இடம் கஸ்டமர் மெஷினின் ரேம் என்றால் ரீஸ்டார்ட்டோடு அது போய்விடும்.

320 ஜிபி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாற்றுவது அடிக்கடி வரும். உள்ளே 70 ஜிபிதான் இருக்கும், ஆனாலும் குளோன்சில்லா "இலக்கு டிஸ்க் சின்னது" என்று நின்றுவிடும். முதலில் இமேஜ் எடுத்து வைத்துக்கொண்டு, சி டிரைவை விண்டோஸிலேயே சுருக்கிவிட்டு, மறுபடி ஒரு இமேஜ் எடுத்து, இறக்கும்போது அளவு பார்க்காதே, பார்ட்டிஷனை விகிதப்படி அமை என்கிற ஆப்ஷன்களைக் கொடுக்க வேண்டும். சி டிரைவுக்குப் பின்னால் ரெக்கவரி பார்ட்டிஷன் இருந்தால் அதையும் கவனியுங்கள், பல மெஷினில் அதுதான் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும்.

சரி, மொத்தமாக இறக்குவதற்கான மாஸ்டர் இமேஜ். அதை எந்த மெஷினிலும் செய்யவில்லை, விர்ச்சுவல்பாக்ஸில் செய்தேன். நிஜ மெஷினில் செய்தால் அதன் டிரைவர் குப்பை எல்லாம் கூடவே வரும். விண்டோஸ் முதல் திரை வரும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 அழுத்தினால் யூசர் உருவாக்காமலே விண்டோஸைத் தயார் செய்யும் ஆடிட் மோடுக்குப் போகும், அங்கே முன்கூட்டியே இறக்கி வைத்த அப்டேட், பிடிஎஃப் ரீடர், தமிழ்99 கீபோர்டு எல்லாம் அமைத்துவிட்டு, சிஸ்ப்ரெப் டூலில் ஜெனரலைஸ் (அந்த மெஷினுக்கே உரிய அடையாளத்தை நீக்குவது) கொடுத்து அணைத்துவிட்டு, அப்படியே ஃபாக்கில் எடுத்தேன். இன்டர்நெட்டைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். ஸ்டோர் ஆப் ஏதாவது ஒரு யூசருக்கு மட்டும் தானாக அப்டேட் ஆகியிருந்தால் சிஸ்ப்ரெப் மூக்கைச் சுளித்துக்கொண்டு நிற்கும்.

லைசென்ஸ் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இதைக் கடைக்காரர்கள் யாரும் பேசுவதில்லை. மெஷினோடு வந்த ஓஇஎம் விண்டோஸை ஒரே இமேஜிலிருந்து பல மெஷினில் இறக்கும் உரிமையை மைக்ரோசாஃப்ட் வால்யூம் லைசென்ஸ் (கம்பெனிகள் மொத்தமாக வாங்குவது) வாங்கியவர்களுக்குத்தான் தருகிறது. கம்பெனியிடம் அந்த எடிஷனுக்கு வால்யூம் லைசென்ஸ் இருக்க வேண்டும், இமேஜும் வால்யூம் மீடியாவிலிருந்து செய்ததாக இருக்க வேண்டும். அதைக் கேட்டுவிட்டுத்தான் மொத்த வேலையை எடுக்கிறோம், "அக்கட்டால எல்லாம் கிராக் போட்டுத் தராங்களே" என்பவர்களிடம், அங்கேயே போடுங்க என்று சொல்லிவிடுகிறோம்.

தனித்தனியாக வரும் லேப்டாப்புகளில் விண்டோஸ் போட மாஸ்டர் இமேஜே வேண்டாம், அதற்கு வேறு காரணமும் உண்டு. இங்கே விற்கிற லேப்டாப் பெரும்பாலும் விண்டோஸ் ஹோம் சிங்கிள் லாங்குவேஜோடு வரும், கீ ஃபர்ம்வேரில் இருக்கும். சாதாரண ஹோம் இமேஜை அதில் இறக்கினால் கீ பொருந்தாது, ஆக்டிவேட் ஆகாது. மைக்ரோசாஃப்டின் செட்டப்பையே ஓட்டினால் ஃபர்ம்வேரைப் பார்த்துச் சரியான எடிஷனை அதுவே எடுத்துக்கொள்ளும். அதனால் மெனுவில் மூன்றாவதாக ஒன்று சேர்த்தேன்: விண்டோஸ் பிஇ என்கிற சின்ன விண்டோஸ் நெட்வொர்க்கில் ஏறி, சர்வரின் சாம்பா ஷேரை (விண்டோஸில் திறக்கக்கூடிய பகிர்வு ஃபோல்டர்) திறந்து, அங்கிருந்து செட்டப்பை ஓட்டும். புது லேன் சிப் வரும்போது பிஇக்குள் டிரைவர் சேர்க்க வேண்டியிருக்கிறது, அது ஒன்றுதான் தொந்தரவு.

மொத்த வேலைக்கு ஃபாக் வந்த பிறகு அந்தக் கம்பெனி மெஷின்கள் வந்தன. ஆறு மெஷினை ஒரே நேரத்தில் செருகித் தனித்தனியாக இறக்கினால் ஒரு கிகாபிட்டை ஆறாகப் பங்கு போட்டுக்கொள்ளும். மல்டிகாஸ்ட்டில் போட்டால் சர்வர் ஒரே தடவை அனுப்பும், எல்லா மெஷினும் ஒன்றாக வாங்கிக்கொள்ளும். ஆனால் கூட்டத்தில் எது மெதுவோ அதன் வேகம்தான் எல்லோருக்கும். ஒரு மெஷினில் மட்டும் ஹார்ட் டிஸ்க் இருந்து மற்றதில் எஸ்எஸ்டி இருந்தால் அதை விலக்கித் தனியாகப் போடுங்கள். அந்தத் தொகுதியை மத்தியானத்துக்கு முன்னாலேயே முடித்துவிட்டோம், பொழுது சாயும்வரை நடந்தது டாலி, பிரிண்டர், ஸ்கேனர் அமைப்பதுதான். இமேஜ் எவ்வளவு வேகமாக இறங்கினாலும் கம்பெனி அக்கவுண்டன்ட் கேட்கிற பிரிண்ட் அளவு சரியாக வரத் தனி நேரம் வேண்டும்.

லேன் போர்ட் இல்லாத மெல்லிசு லேப்டாப்புக்கு ரியல்டெக் 8153 சிப் வைத்த யுஎஸ்பி லேன் அடாப்டர் இரண்டு வைத்திருக்கிறோம். பல லேப்டாப்பில் நேராக நெட்வொர்க் பூட் ஆகும், சிலது தன் கம்பெனி அடாப்டரைத் தவிர வேறெதையும் மதிக்காது, அதற்கு ஐபிஎக்ஸ்இ (நெட்வொர்க் பூட் செய்யும் சின்ன சாஃப்ட்வேர்) போட்ட சின்ன பென்டிரைவில் பூட் செய்து அதே மெனுவுக்குப் போகலாம். அடாப்டரின் மேக் அட்ரஸ் ஒன்றே என்பதால் அதை வைத்து ஃபாக்கில் எந்த ஹோஸ்ட்டையும் பதியாதீர்கள். பதிந்தால் அதற்குப் பிறகு அந்த அடாப்டரில் வரும் எல்லா லேப்டாப்பையும் ஃபாக் அந்த முதல் மெஷின் என்றே நினைக்கும்.

யுபிஎஸ் சர்வருக்கு மட்டும் போட்டால் போதாது, ஸ்விட்ச்சுக்கும் வேண்டும். மாதாந்திர மின் பராமரிப்பு நாளாவது முன்கூட்டியே தெரியும். நடுவில் ஒரு நொடி கண் சிமிட்டிவிட்டு வருகிற கரண்ட்டுக்கு லேப்டாப்பும் தாங்கும், சர்வரும் தாங்கும், ஸ்விட்ச் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும்.

இமேஜ்களை எவ்வளவு நாள் வைப்பது என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. அவர் இடம் இருக்கிற வரை இருக்கட்டும் என்பார். அடுத்தவர் வீட்டு போட்டோ, ஜிஎஸ்டி கணக்கு, பாஸ்வேர்டு எல்லாம் நம் டிஸ்க்கில் கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. டெலிவரி கொடுத்து பதினைந்து நாள் என்று பில்லிலேயே அச்சடித்துவிட்டோம், அதற்குள் எதுவும் காணோம் என்று வந்தால் எடுத்துக் கொடுப்போம், தாண்டினால் ஒரு ஸ்கிரிப்ட் தினமும் இரவில் பார்த்து அழித்துவிடும். இமேஜ் டிஸ்க் முழுக்க என்கிரிப்ட் செய்திருக்கிறோம், கடை உடைத்து சிபியுவைத் தூக்கிக்கொண்டு போனாலும் உள்ளே இருப்பது வெளியே போகாது. தீபாவளி நோம்பிக்குக் கடை பூட்டும்போது சர்வரையும் அணைத்துவிடுவதால், திரும்பத் திறக்கும் நாளில் பாஸ்வேர்டு அடித்தால்தான் இமேஜ் ஃபோல்டர் மவுண்ட் ஆகும், இது தம்பிகளுக்கும் தெரியும்.

பேக்கப்புக்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. சர்வீஸ் சார்ஜிலேயே சேர்த்துக்கொண்டோம், வேண்டாம் என்று கஸ்டமர் சொன்னாலும் எடுப்போம். பிட்லாக்கர் கீ இல்லாமல் வருகிற மெஷினுக்கு மட்டும் "டேட்டா எடுக்கப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே உள்ளே எடுக்கிறோம். மேக்புக் வந்தால் இந்த மெனு எதுவும் உதவாது, அதற்குத் தனியாக ஒரு டைம் மெஷின் டிஸ்க் அலமாரியில் இருக்கிறது.